மூளைக் காயமும் மறுவாழ்வும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

தையல் பிரித்த மறுநாள் என் சித்தப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். சித்தி வாசலில் ஆரத்தி எடுத்தார். தெருவே கூடி நின்று, "கண்டம் தப்பிச்சது, மறுபிறவி" என்று மகிழ்ந்தது. நடக்கிறார், பேசுகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். இனி என்ன குறை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உண்மையான நோய் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் நுழைந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சித்தப்பா கொத்தனார். அன்று வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடியதில் கீழே விழுந்தார். தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் உறைந்திருந்த இரத்தத்தை அறுவை செய்து எடுத்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து வீடு வந்தவர், முன்பு எங்களுக்குத் தெரிந்த சித்தப்பாவாக இல்லை. காலையில் கேட்ட கேள்வியையே பத்துத் தடவை கேட்டார். குழந்தை அழுதால் கையில் கிடைத்ததை எறிந்தார். மற்ற நேரமெல்லாம் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சாப்பிடுங்கள்" என்றால் சாப்பிட்டார், சொல்லாவிட்டால் பசி என்றும் கேட்கவில்லை. காற்றுக் கருப்பு என்றார்கள் சிலர். மந்திரித்துக் கயிறு கட்டினோம். சோம்பல் என்றார்கள் சிலர். ஒரு நாள் நானும், "வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறீர்களா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னை மேலே படிக்க வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவர் அந்தச் சித்தப்பாதான். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை.

முதலாமாண்டில் நரம்பு மண்டலம் பற்றிய பாடம் நடந்தபோதுதான், நான் கேட்டது எத்தகைய கேள்வி என்று எனக்கு உறைத்தது. அதற்குப்பின் நூலகத்திலும் பேராசிரியர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இருசக்கர வண்டி இல்லாத வீடு இன்று குறைவு. ஆகவே இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். ஏறக்குறைய கெட்டித் தயிரின் பதத்தில் இருக்கும் இவ்வுறுப்பு, மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தலை தரையில் மோதும்போது மண்டையோடு சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே மிதக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்னே சென்று எலும்பில் மோதுகிறது, பிறகு பின்னே சென்று எதிர்ப்பக்கத்திலும் மோதுகிறது. பிடரியில் அடிபட்டவருக்கு நெற்றிப் பக்கத்து மூளை கன்றிப்போவது இதனால்தான். மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பானது அன்று. கண்ணுக்கு மேலும் பொட்டுக்கு உள்ளும் கரடுமுரடான மேடுகள் உண்டு. எங்கே அடிபட்டாலும் நெற்றி மடலும் பொட்டு மடலும் அதிகம் சிதைவது அந்த மேடுகளில் உராய்வதால்தான். பொட்டு மடலின் உட்புறம் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் இடம். நெற்றி மடல் திட்டமிடவும், ஒன்றைத் தொடங்கவும், கோபத்தை அடக்கவும் வேண்டிய இடம். திண்ணையில் சுவரைப் பார்த்தபடி இருந்த மனிதருக்கு 'சோம்பல்' என்று நாங்கள் வைத்த பெயருக்கு உடலியலில் வேறு பெயர் இருக்கிறது. தொடங்கும் கருவி பழுதாகியிருந்தது.

மற்றொரு சேதமும் உண்டு. தலை சுழன்று நிற்கும்போது மூளையின் வெவ்வேறு அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால், நரம்புச் செல்களின் நீண்ட இழைகளான ஆக்ஸான்கள் இழுபட்டு நைந்துபோகின்றன. இச்சேதம் சி.டி. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. "ஸ்கேன் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் குழம்புவதும், நோயாளி நடிக்கிறார் என்ற சந்தேகம் பிறப்பதும் இங்கேதான்.

சித்தப்பாவின் சீட்டில் 'ஜி.சி.எஸ். 8/15' என்று எழுதியிருந்தது. பதினைந்துக்கு எட்டு என்றால் பாதிக்கு மேல் தேறிவிட்டார் என்று தேர்வு மதிப்பெண்ணைப் போல் நான் கணக்கிட்டேன். அது அப்படியன்று. 1974-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 கிடைக்கும். 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. பின்னாளில் எவ்வளவு தேறுவார் என்பதை அறிய இன்னொரு அளவும் உதவுகிறது. அடிபட்ட பிறகு, அன்றாட நிகழ்ச்சிகள் மீண்டும் தொடர்ச்சியாக நினைவில் நிற்கத் தொடங்கும் வரை எத்தனை நாள் ஆகிறது என்பதே அது. 1930-களில் ரிட்சி ரஸல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் காயம் கடுமையானது என்பர். சித்தப்பாவுக்கு மருத்துவமனையில் இருந்த பத்தொன்பது நாளில் ஒரு நாள்கூட இன்றுவரை நினைவில்லை.

மூளை எப்படி மீள்கிறது?

கையில் நரம்பு அறுந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரும். மூளைக்குள் அறுந்த இழைகள் அப்படி வளர்வதில்லை. இறந்த செல்லுக்குப் பதிலாகப் புதுச் செல் வந்து உட்காருவதும் இல்லை என்றே சொல்ல வேண்டும். அப்படியானால் நோயாளிகள் தேறுவது எவ்வாறு?

முதல் வாரங்களில் ஏற்படும் தேர்ச்சி பெரும்பாலும் வீக்கம் வடிவதால் வருவது. அடிபட்ட பகுதியோடு தொடர்புடைய தொலைவிலுள்ள பகுதிகளும் அதிர்ச்சியில் செயலிழந்து கிடக்கும். அவை ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். இது தானே நடப்பது. அடுத்து நடப்பது தானே நடப்பதன்று. பிழைத்திருக்கும் செல்கள் தமக்குள் புதுக் கிளைகள் விட்டுப் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. வலுவற்றிருந்த பழைய இணைப்புகள் வலுப்பெறுகின்றன. ஆனால் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்கான வழிதான் வலுக்கும். செய்யாத வேலைக்கு வழி இல்லை. ஆளில்லாத ஒற்றையடிப் பாதையில் புல் முளைப்பது போலத்தான். தேர்ச்சி முதல் ஆறு மாதங்களில் விரைவாகவும், பிறகு மெதுவாகவும், ஆண்டுகள் கடந்தும் நடைபெறுகிறது.

அந்த முதல் ஆறு மாதங்களை நாங்கள் வீணாக்கினோம். மருத்துவமனையில் தந்த சீட்டின் அடியில் 'பிசியோ' என்று ஒரு சொல் இருந்தது. அது என்னவென்று எவரும் விளக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும், உடன் செல்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். நடக்கிற மனிதருக்கு நடைப்பயிற்சி எதற்கு என்று விட்டுவிட்டோம்.

போர்கள் கற்பித்த பாடம்

மூளைக் காயத்துக்கு மறுவாழ்வுப் பயிற்சி என்ற எண்ணமே போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்டுப் பிழைத்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்காகக் குர்த் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர் பிராங்க்பர்ட் நகரில் ஒரு நிலையம் நடத்தினார். சிகிச்சை, உளவியல் சோதனை, தொழிற்பட்டறை ஆகிய மூன்றும் அங்கே ஒருசேர இருந்தன. அவர் கண்ட ஓர் உண்மையை நான் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எளிய வேலை ஒன்றைத் தன்னால் செய்ய முடியவில்லை என்று நோயாளி உணரும் அந்தக் கணத்தில் அவர் உடலும் உள்ளமும் நிலைகுலைந்து, வியர்த்து, கலங்கி, சினந்து போகிறார். அது குணக்கேடு அன்று, தன்னையே இழக்கும் அச்சம் என்றார் கோல்ட்ஸ்டைன். சித்தப்பா சில்லறை எண்ண முடியாமல் காசை எறிந்த நாள் என் நினைவுக்கு வந்தது. யூதரான கோல்ட்ஸ்டைன் 1933-இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, பிறகு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாட்டில் அலெக்சாந்தர் லூரியா இப்பணியை மேற்கொண்டார். யூரல் பகுதியில் மூளைக் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றை அவர் நடத்தினார். அவருடைய நோயாளிகளில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஸசெட்ஸ்கி. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். போருக்குப் போய், 1943 மார்ச் மாதம் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையின் இடப்புறம் குண்டு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 23, நம் மூத்த மாணவர்களின் வயதுதான். பிழைத்தார். ஆனால் உலகம் அவருக்குத் துண்டு துண்டாகிவிட்டது. வலப்பக்கத்துக் காட்சி தெரியாது. தன் தோள் எங்கே, முன்கை எங்கே என்று தேட வேண்டும். எழுத்துகள் மறந்துவிட்டன. 'ஈ யானையைவிடப் பெரியதா, யானை ஈயைவிடப் பெரியதா' என்று கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 'தந்தையின் சகோதரர்', 'சகோதரரின் தந்தை' என்ற இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாமல் அவர் திணறினார். தனித்தனிச் சொல்லின் பொருள் தெரியும். சொற்களுக்கிடையே உள்ள உறவு பிடிபடாது. (நம் மொழியில் 'சித்தப்பா' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சோதனையைத் தமிழில் நடத்தும்போது உறவுச் சொற்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.)

அவர் எழுதக் கற்ற விதம் வியப்பானது. ஒவ்வோர் எழுத்தாக நினைவுபடுத்தி எழுத முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மருத்துவர் ஒருவர், "எழுத்தை எண்ணாதே, கையை எடுக்காமல் ஒரே இழுப்பாக எழுது" என்றார். ருஷ்ய மொழியில் 'இரத்தம்' என்று பொருள்படும் சொல்லை அவர் கை எழுதிவிட்டது! தான் எழுதியதைத் தன்னால் படிக்க முடியவில்லை. ஆனால் எழுதியது சரியாக இருந்தது. காரணம் இதுதான். எழுத்தை இடம் பார்த்து அடுக்கும் மூளைப் பகுதி அவருக்கு அழிந்திருந்தது. நீண்ட காலப் பழக்கத்தால் கையில் ஓட்டமாக ஊறிய திறமைக்குரிய வழி வேறு, அது தப்பியிருந்தது. மறுவாழ்வுக் கலையின் மையமே இதுதான் எனலாம். அழிந்த வழியில் முட்டிக்கொண்டிராமல், தப்பிய வழியைக் கண்டுபிடித்து அதில் வேலையைத் திருப்பிவிட வேண்டும்.

ஸசெட்ஸ்கி எழுதினார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைப் பக்கம் தேறுவது அரிது. அப்படி ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 3,000 பக்கம் எழுதினார், தன் காயத்தைப் பற்றி, தன் மறதியைப் பற்றி. லூரியா அந்தக் குறிப்புகளை விளக்கங்களுடன் 1971-இல் நூலாக வெளியிட்டார். அவர் முழுக்கத் தேறினார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இறுதிவரை சரளமாகப் படிக்க இயலவில்லை, கல்லூரிக்குத் திரும்ப இயலவில்லை. தாயுடனும் சகோதரிகளுடனும் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தார். தேர்ச்சி என்பதும் குணம் என்பதும் ஒன்றல்ல.

அமெரிக்காவின் பினியஸ் கேஜ் கதை நம் உளவியல் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1848 செப்டம்பர் 13 அன்று வெர்மான்ட் மாநிலத்தில், பாறை வெடிவைக்கும் இரும்புத் தடி ஒன்று கன்னத்தில் பாய்ந்து உச்சந்தலை வழியே வெளியேறியும் பிழைத்த இரயில்வே மேற்பார்வையாளர் அவர். குணம் மாறி, "இவர் கேஜ் அல்ல" என்று நண்பர்கள் கூறும்படி ஆனார் என்பதோடு பாடநூல்கள் கதையை முடித்துவிடுகின்றன. பிறகு அவர் சிலி நாட்டில் ஆண்டுக்கணக்கில் பல குதிரைகள் பூட்டிய பயண வண்டி ஓட்டிப் பிழைத்ததை ஏனோ சொல்வதில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே சாலை, ஒரே வரிசையில் வேலைகள் என்ற அந்த ஒழுங்கே அவரை நிலைநிறுத்தியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் மால்கம் மக்மில்லன் கருதுகிறார்.

கை மறக்கவில்லை

இவற்றையெல்லாம் படித்த பிறகு சித்தப்பாவை மாவட்ட மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவுக்கு நானே அழைத்துச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் என்னிடம் முதலில் கேட்டது, "இவர் என்ன வேலை செய்தார்?" என்பதுதான். கொத்தனார் என்றதும், "கரண்டியைக் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்றார். யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை. சாரத்தில் ஏறிவிடுவாரோ என்று பயந்து கரண்டி, மணியாஸ் கட்டை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் சித்தி பரணில் ஒளித்து வைத்திருந்தார்.

வீட்டுக் கொல்லைச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் ஒன்று இருந்தது. கலவையை நான் குழைத்துக் கொடுத்தேன். சித்தப்பா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கரண்டியில் கலவையை அள்ளிச் சுவரில் அடித்த சத்தம் பழைய சத்தமாகவே இருந்தது. மணியாஸ் கட்டையால் இழுத்து மட்டம் செய்தார். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் "இந்தச் சுவருக்கு எத்தனை சட்டி சிமெண்ட் வேண்டும் சித்தப்பா?" என்றபோது அவர் முகம் இருண்டுவிட்டது. பூசும் திறமை ஒரு வழியில் இருக்கிறது, திட்டமிடும் திறமை வேறு வழியில் இருக்கிறது; ஒன்று தப்பியது, மற்றொன்று தப்பவில்லை.

அந்த அம்மையார் சொன்ன முறைகள் எளியவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. வேலையைப் படிகளாகப் பிரித்துச் சுவரில் எழுதி ஒட்டுவது. தவறு செய்யவிட்டுத் திருத்தாமல், தவறு வருமுன்பே வழிகாட்டுவது. நினைவு பழுதானவருக்குத் தான் செய்த தவறே பதிந்துபோகும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. கேட்ட கேள்வியையே கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்னாமல், "ஏட்டைப் பாருங்கள்" என்பது. இதில் வீட்டாருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது என்பேன். காயம்பட்ட மூளை விரைவில் களைத்துவிடும், ஆகவே இடையிடையே ஓய்வு. மது ஆகவே ஆகாது; வலிப்பு வரும் அபாயத்தை அது கூட்டும். வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

மாத்திரை என்றதும் ஒரு வருத்தம். மூளையை வளர்க்கும் என்று யாரோ சொன்ன விலையுயர்ந்த மாத்திரைக்காகச் சித்தியின் தோடு அடகுக்குப் போனது. அதிலிருந்த மருந்து சிட்டிகோலின். மூளைக் காயம்பட்ட 1,213 பேருக்கு 90 நாள் இம்மருந்தும் வெற்று மருந்தும் கொடுத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளிவந்தது. இரு பிரிவினரின் தேர்ச்சியிலும் வேறுபாடில்லை. அந்தத் தோட்டின் பணம் மருத்துவமனைக்குப் போய்வர எத்தனை மாதப் பேருந்துக் கட்டணம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். மறுவாழ்வு மருத்துவத்துக்கும் வேலூரே வழிகாட்டிற்று. 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க் சென்று அத்துறையைக் கற்று வந்து பிறருக்காகப் பணியாற்றினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

உயிர் காப்பதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. சித்தப்பா பிழைத்ததே அதனால்தான்; முதலில் சேர்த்த மருத்துவமனையில் எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிந்தைய 48 மாதங்கள்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் மூளைக் காயம் என்று தனிப்பெயர் இல்லை. கையும் காலும் ஓடுகிறவர், ஆனால் எந்த வேலையையும் தானாகத் தொடங்க இயலாதவர், எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று அலுவலரும் விழிக்கிறார், நாங்களும் விழிக்கிறோம். சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்தோம். நான்காம் முறை போக வேண்டும்.

இப்போது சித்தப்பா வாரத்தில் மூன்று நாள் தன் பழைய கூட்டாளியோடு வேலைக்குப் போகிறார். சாரம் ஏறுவதில்லை, தரையில் நின்று பூசும் வேலை மட்டும். அளவும் கணக்கும் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார், கூலி முன்பிருந்ததில் பாதி. கோபம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. நான் அன்று கேட்ட கேள்வி அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

ஒன்று மட்டும் திரும்பவே இல்லை, வாசனை. மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள், சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே ஏறுகின்றன. மூளை நகரும்போது அவை அறுந்துவிடுவதுண்டு. பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது, எரிவாயு கசிந்தாலும் தெரியாது. அதனால் அவர் வீட்டில் தனியே இருக்கும் நாளில் சித்தி சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுத்தான் வெளியே போகிறார். நனைந்த சிமெண்டின் வாசனை எப்படியிருக்கும் என்று சித்தப்பா ஒரு நாள் என்னிடம் கேட்டார். மழை பெய்த மண் மாதிரி, ஆனால் அதைவிடக் கொஞ்சம் காரமாக என்றேன். "ஆமாம், அப்படித்தான்" என்றார்.